தலைமன்னாரிலிருந்து நீந்தி வந்த சிறுமி

குழந்தைகளே! திருப்பாலைக்குடிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பாக் கடலை ஒரு சிறுமி நீந்தியே கடந்தாள், தெரியுமா?

பெயர் ஜியா ராய். அப்பா கடற்படை வீரர். 2022 மார்ச் 20 அன்று அதிகாலையில் தலைமன்னாரில் நீந்தத் தொடங்கியவள், மாலையில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினாள். சுமார் 29 கிலோமீட்டர் தூரம். 13 மணி 10 நிமிடம்! நமக்கோ ஒரு பீரியட் பெஞ்சில் உட்கார்ந்தாலே கால் மரத்துப் போகிறது. ஜியாவுக்கு அப்போது வயது 13. ஆட்டிசம் உள்ள பிள்ளை. 2004-ல் இதே கடலை நீந்திய பூலா சவுத்ரிக்கு 13 மணி 52 நிமிடம் ஆனது.

இத்தகைய நீச்சலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. துணைக்கு வரும் படகை நீந்துபவர் பிடிக்கக் கூடாது. படகில் பெற்ற தாயே இருந்தாலும் பிள்ளையைத் தொடக் கூடாது! சொறி மீன் பட்டு எரிந்தாலும், அழுகை வந்தாலும் அப்படித்தான். குடிக்கக் கொடுக்கலாம், குரல் கொடுக்கலாம். அதுவும் காது தண்ணீருக்குள் இருக்கும்போது கேட்காது. குடிப்பதற்குத் தலை தூக்கும் அந்தச் சில நொடிகளில்தான் "இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணு" என்று சொல்ல முடியும்.

அரிச்சல்முனையில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபுவும் காத்திருந்து வரவேற்றார். 2024-ல் ஜியா ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்துவிட்டாள்.