டிரம் மூடிக்கு ஒரு நீர்ப்பூட்டு

‘ஏர்லாக்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, பைப்பில் காற்று அடைத்துக்கொண்டு மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நிற்பதுதான். நான் சொல்ல வருவது வேறு ஏர்லாக். மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் நொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் ஒரு சின்ன வளைகுழலைச் செருகி வைப்பார்கள். அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் வாயு தண்ணீரைத் தள்ளிக் குமிழியாக வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் விஷயம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கும் நம் மாநிலத்தில் பீர் காய்ச்சுவது குற்றம். 1987 முதல் பனையிலிருந்து இறக்கும் கள்ளுக்கே தடை (அது தனியாகப் பேச வேண்டிய சண்டை). நமக்கு வேண்டியது பீர் அல்ல, அந்தக் குழல்.

எதற்கு என்று கேட்டால், செஞ்சியில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் கதையைச் சொல்ல வேண்டும். நடவு நேரத்தில் 20 லிட்டர் கேனில் திறமி நுண்ணுயிர்க் கரைசலைப் பெருக்கி வைத்தார். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போனால், எடை போட்டுப் பணம் வாங்கித் திரும்ப இரண்டு நாளும் ஆகும். கேன் பானைபோல உப்பி, மூடி தெறித்து, பாதிக் கரைசல் கொட்டகைத் தகரத்தில் அடித்துவிட்டது. அடுத்த முறை உஷாராக மூடியைத் தளர்த்தி வைத்தார். ஈ புகுந்து, மேலே வெள்ளை ஆடை படிந்து, நாற்றம் அடித்தது. அதையும் கொட்டினார். இரண்டு தடவை வெல்லம் போனது மட்டுமல்ல, பயிருக்குத் தெளிக்க வேண்டிய பருவமும் போய்விட்டது.

வெல்லத்துக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ வெல்லத்தில் உள்ள சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றால், ஏறத்தாழ 250 லிட்டர் கரியமில வாயு வெளியாகும். ஒரு பெரிய டிரம்மே கொள்ளாது! திறமியில் ஈஸ்ட்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்வதால் வாயு இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் இறுக்கி மூடிய கேனை உடைக்க அது போதும். கண்ணாடிக் குடுவையில் வைக்கவே வைக்காதீர்கள்.

எல்லாக் கரைசலுக்கும் இதைப் பூட்டிவிடவும் கூடாது. பஞ்சகவ்யாவும் ஜீவாமிர்தமும் காற்று கேட்பவை. அதனால்தான் காலையும் மாலையும் கலக்கிவிடுகிறோம், மேலே துணியோ சாக்கோ போட்டு மூடுகிறோம். அவற்றைக் காற்றில்லாமல் அடைத்தால் அழுகல் நாற்றம்தான் மிஞ்சும். பழக்காடிக்கு முதல் கட்டத்தில் மட்டும் பூட்டு போடலாம். சர்க்கரை சாராயமாக மாறும் வரை காற்று தேவையில்லை. சாராயம் புளித்துக் காடியாக மாறக் காற்று வேண்டும். ஆகவே குமிழி நின்றதும் குழாயை எடுத்துவிட்டு வாயில் வேடு கட்டிவிடுங்கள். நீர்ப்பூட்டு முழுக்கப் பொருந்துவது திறமிக்கும் மீன் அமிலத்துக்கும்தான். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டு 21 நாளோ அதற்கு மேலோ வைக்கிறோமே, அந்த டிரம்மைச் சுற்றி ஈ மொய்ப்பதும் நாய் வருவதும் எல்லோருக்கும் தெரியும். பூட்டு போட்டால் ஈ முட்டையிட வழியில்லை, புழு வைக்காது.

தண்ணீரால் அடைக்கும் இந்த வித்தை புதிதல்ல. கழிவறைக் கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீர் நாற்றத்தைத் தடுப்பதும் இதே முறைதான். சீனாவில் காய்கறி ஊறவைக்கும் சாடியின் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி மூடியைக் கவிழ்ப்பார்கள். வாயு மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும், காற்று உள்ளே போகாது.

நாம் செய்ய, சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் சாமான் போதும். 20 லிட்டர் கேனுக்கு மைக்ரோ ட்யூப் சரி. மூடியில் அதைவிடக் கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டு, ட்யூபை அழுத்தி நுழையுங்கள். 200 லிட்டர் டிரம் என்றால் நுரை வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே க்ரோமெட், டேக்-ஆஃப் வைத்து 16 மி.மீ. லேட்டரல் குழாயையே மாட்டுங்க. குழாயின் உள்முனை கரைசலில் படக்கூடாது. மேலே ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். வெளிமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, இரண்டு விரற்கடை ஆழம் மூழ்கியிருக்கும்படி கட்டிவிடுங்கள். பாட்டில் வாயை இறுக்கி மூட வேண்டாம், வாயு போக வழி வேண்டும். மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பகலில் தகரக் கொட்டகை கொதிக்கும், விடியற்காலையில் குளிரும். டிரம்முக்குள் இருக்கும் காற்று 38 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினால் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கிவிடும். நொதித்தல் வேகமாக நடக்கும்போது பரவாயில்லை. அது அடங்கும் நாட்களில் பாட்டில் தண்ணீரைக் குழாய் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து சுலபம்: டிரம் எவ்வளவு உயரமோ இருக்கட்டும், பாட்டில் தரையில் இருக்கட்டும். நடுவில் குழாய் 3 அடி ஏறி இறங்கினால் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. கேனாக இருந்தால் ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். இடவசதி இல்லாதவர்கள் நடுவில் ஒரு காலி பாட்டிலை, இரண்டு குழாயும் உள்ளே வரும்படி மூடி இறுக்கி வைக்கலாம். இழுபட்ட தண்ணீர் அதில் தங்கிவிடும்.

கத்திரியில் பாட்டில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றினால் பூட்டு இல்லை, ஓட்டைதான். வாரம் ஒருமுறை மாற்றிவிட்டால் கொசுப்புழுவும் வராது.

குமிழியே ஒரு கடிகாரம். திறமி கலக்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ ‘பொளக் பொளக்’ என்று ஆரம்பித்து, வேகம் பிடித்து, பிறகு அடங்கும். இரண்டு நாளாகியும் ஒரு குமிழி வரவில்லை என்றால் முதலில் மூடிக் கசிவைப் பாருங்க. அடுத்து, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்களா என்று யோசியுங்கள். அடங்கியபின் திறந்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த வாசம் வர வேண்டும். பி.எச். தாள் இருந்தால் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். அழுகிய வாசம் வந்தால் தெளிக்காமல் எருக்குழியில் ஊற்றிவிடுங்கள்.

வடித்துக் கேனில் மாற்றிய பிறகும் முதல் வாரம் மூடியை முழுக்க முறுக்க வேண்டாம். மிச்ச சர்க்கரை கொஞ்சம் இருக்கும், அது சும்மா இருக்காது.