சிறு பாகம், பெரும் செலவு: வண்டியின் தெர்மோஸ்டாட்டை நாமே மாற்றலாம்



கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் பழைய வண்டி நடுவழியில் ஆவி கக்கி நின்றால், அன்றைய வியாபாரமும் அதனோடு நின்றுவிடும். என் பழைய அம்பாசிடர் ஒருமுறை அப்படி நின்றது. வந்து பார்த்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி? இல்லாமலே ஓட்டுங்க" என்றார். செலவு மிச்சம் என்று நானும் மகிழ்ந்தேன். சில மாதம் கழித்துப் பெட்ரோல் கணக்கைப் புரட்டியபோதுதான், அது மிச்சமல்ல, நட்டம் என்று புரிந்தது.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஒரு கதவு. அதனுள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து கதவைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருப்பதால் சூடு விரைவில் ஏறும். உரிய சூடு வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும்.

இதை எடுத்துவிட்டால் என்ஜின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும். தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியாகவே சுற்றி, சூடு இன்னும் அதிகமாவதும் உண்டு.

கோளாறை அறிவது எப்படி?

முதலில் தண்ணீர் அளவு, பேன் பெல்ட், ஹோஸ்களில் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும், புறப்பட்ட சிறிது நேரத்தில் முள் மேலே ஏறி, ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். வெகுதூரம் ஓடியும் முள் எழவில்லை என்றால், திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

மாற்றும் முறை

கடை விடுமுறை நாளில், இரவு முழுவதும் ஆறிய வண்டியில் மட்டுமே இதைச் செய்யுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீய்ச்சி முகத்தைப் பொசுக்கிவிடும்.

1. ரேடியேட்டரின் அடியிலிருந்து சிறிதளவு தண்ணீரை வடித்து, சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள்.

2. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில், ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் வந்து சேரும் மூடிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். மூன்று நட்டுகளைக் கழற்ற வேண்டும். துருவேறி இருந்தால் முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். ஸ்டட் முறிந்தால் செலவு பன்மடங்காகும். மெக்கானிக்கை அழைப்பதே மேல்.

3. புதியதை மாட்டுமுன் சோதியுங்கள். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே திறக்கத் தொடங்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மூட வேண்டும்.

4. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்கட்டும். புதிய கேஸ்கெட் வைத்து, நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் மூடி விரிசல் விடும்.

5. தண்ணீரை நிரப்பி, ரேடியேட்டர் மூடி இல்லாமல் என்ஜினை ஓடவிடுங்கள். காற்று வெளியேறி மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சட்டென்று சூடானால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். என்ஜினை நிறுத்தி மூடியைப் போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டு பேனில் சிக்காதபடி முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படிவு கட்டும். பேட்டரித் தண்ணீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுவது நல்லது.

முக்கிய எச்சரிக்கை

கூலண்ட் இனிப்பாக இருக்கும். ஆனால் கடும் விஷம். மளிகைக் கடையில் அதை எண்ணெய் டின்னிலோ சர்பத் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். ஆடு, மாடு, நாய்கள் குடித்துவிடும்.

பழைய வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டின் விலை அற்பம். ஹெட் வளைந்தாலோ அது பெரிய வேலை. வட்டியை மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம் செய்துகொள்ளலாமா?