தினம் ஒரு துளி நஞ்சு

1892. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் லத்தீன் பேராசிரியர் பதவி காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் 33 வயது அரசு குமாஸ்தா. பெரிய அறிஞர்கள் பலர் அவருக்காகச் சிபாரிசு எழுதியிருந்தார்கள். ஆனால் மனிதர் தன் விண்ணப்பத்திலேயே இன்னொரு தகவலையும் சேர்த்திருந்தார்: 1881-ல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் ஹானர்ஸ் வாங்கத் தவறியவர் தான் என்று. வேலைக்கு மனுப் போடுகிற எவரும் பெட்டிக்கு அடியில் போட்டு மூடுகிற சங்கதி அது. அவர் அதை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேலையும் கிடைத்தது.

அவர்தான் ஏ.ஈ. ஹவுஸ்மன். ஆங்கிலக் கவிதையில் சோகத்துக்குப் பேர்போனவர். ஆனால் அவருடைய சோகம் அழுது வடியாது. யாரிடமும் நியாயம் கேட்டு நிற்காது. தனக்கு எதிராகச் சொல்லக்கூடியதை எல்லாம் தானே முதலில் சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும்.

வெற்றுத்தாளும் பத்து வருடமும்

1859 மார்ச் 26 அன்று, வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ப்ரோம்ஸ்குரோவ் ஊருக்கு அருகே பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்றே அம்மா இறந்துபோனார். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இடைத்தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவர், இறுதித் தேர்வில் சில தாள்களில் ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. பிடிக்காத தத்துவப் பாடத்தின் மேலிருந்த அலட்சியமா, வீட்டில் அப்பாவின் நோயா, கூடப் படித்த மோசஸ் ஜாக்சன் மேல் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருந்த காதலா? காரணம் எதுவென்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

பிறகு லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பத்து வருடம் குமாஸ்தா வேலை. பகலில் வணிக முத்திரைக் கோப்புகள். மாலையில் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலை. அங்கே உட்கார்ந்து அவர் எழுதிய லத்தீன், கிரேக்கப் பாடத் திருத்தக் கட்டுரைகள்தான் பேராசிரியர் நாற்காலிக்கு வழி திறந்தன.

மாடு செத்த பாட்டு

1896-ல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு ‘எ ஷ்ரோப்ஷயர் லேட்’ வந்தது. மேக்மில்லன் பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பியனுப்ப, கைக்காசு போட்டு இன்னொரு பதிப்பகத்தின் வழியாக 500 பிரதிகள் அச்சிட்டார். மொத்தம் 63 கவிதைகள். தூக்கில் தொங்கும் இளைஞன், போருக்குப் போய்த் திரும்பாதவன், காதலி கைவிட்டவன் என்று பக்கத்துக்குப் பக்கம் சாவு. ஷ்ரோப்ஷயர்கூட அவர் ஊர் இல்லை. சிறுவயதில் மேற்கே அடிவானத்தில் பார்த்த மலைகள், அவ்வளவுதான். கவிதையில் பாடிய அந்த மாவட்டத்தின் லட்லோ ஊர்த் தேவாலயத்துக்குத்தான் கடைசியில் அவருடைய சாம்பல் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தொகுப்பின் 62-வது கவிதையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. டெரன்ஸ் என்ற கவிஞனை அவன் நண்பன் பிடித்துக்கொள்கிறான். நீ நன்றாகத்தான் சாப்பிடுகிறாய், நன்றாகத்தான் குடிக்கிறாய், அப்புறம் எதற்கு இந்த ஒப்பாரி? கேட்டால் வயிறு கலங்குகிறது, மாடே செத்துப்போகும், ஆடுகிற மாதிரி ஏதாவது பாடேன் என்கிறான். இந்தப் புத்தகத்தைப் பற்றி எந்த விமர்சகரும் இதைவிடக் காரமாக எழுதியிருக்க முடியாது. அதை ஹவுஸ்மனே எழுதி, புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்.

டெரன்ஸும் சளைக்கவில்லை. ஆட்டம் வேண்டுமென்றால் கவிதையைவிட பீர் எவ்வளவோ மேல் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறான். லட்லோ சந்தைக்குப் போய் மூக்குமுட்டக் குடித்து, கழுத்துப்பட்டையை எங்கோ தொலைத்து, சேற்றில் ராஜா மாதிரிக் கிடந்த கதையையும் சொல்கிறான். ஒரே சிக்கல், விடிந்ததும் உலகம் பழைய உலகமாகவே இருந்தது. பீர் தெளிந்துவிடும், கசப்பான பாட்டோ, கஷ்டகாலத்துக்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து. இதுதான் அவன் கட்சி.

அதற்குச் சாட்சியாக ஒரு பழைய அரசனைக் கூப்பிடுகிறான். கருங்கடல் ஓரத்தில் ஆண்ட மித்ரிடேட்டஸ், சாப்பாட்டில் விஷம் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு தின்றே உடம்பைப் பழக்கினானாம். பிறகு எதிரிகள் எதைக் கலந்து கொடுத்தாலும் அவன் அசையவில்லை. வைத்தவர்கள்தான் வெலவெலத்துப் போனார்கள்.

கவிதை அங்கே முடிகிறது. வரலாறு இன்னும் கொஞ்சம் நீள்கிறது. கி.மு. 63-ல் எல்லாம் கைவிட்டுப் போனபின் மித்ரிடேட்டஸ் தன் சாவுக்காகத் தானே நஞ்சு குடித்தான். பழகிய உடம்பில் அது ஏறவில்லை. தன் வீரன் ஒருவனிடம் வாளால் முடிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ரோமானிய இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த ஹவுஸ்மனுக்கு இந்த முடிவு தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நஞ்சுக்குப் பழகுவதற்கும் ஒரு விலை உண்டு.

பழகாத ஒரு நஞ்சு

அந்த விலையை அவர் வாழ்க்கையில் பார்க்கலாம். மோசஸ் ஜாக்சன் 1887-ல் கல்லூரி வேலைக்காகக் கராச்சிக்குக் கப்பலேறினார். இரண்டு வருடம் கழித்து அவருக்குத் திருமணம். தம்பதி நாட்டைவிட்டுப் போன பிறகுதான் ஹவுஸ்மனுக்குச் செய்தியே தெரிந்தது. பிற்காலத்தில் ஹவுஸ்மன் கேம்பிரிட்ஜுக்குப் போனபின், அங்கே அவருடைய அறையில் ஜாக்சனின் படம் மாட்டியிருந்தது. யார் இது என்று தம்பி லாரன்ஸ் கேட்டபோது, தன் வாழ்க்கையில் வேறு யாரையும்விட அதிகப் பாதிப்பு ஏற்படுத்தியவர் என்று மட்டும் பதில் வந்தது.

1922-ல் ஜாக்சன் கனடாவில் புற்றுநோயோடு கிடந்தார். இருபத்தாறு வருடம் அடுத்த கவிதைத் தொகுப்பு போடாத ஹவுஸ்மன், அந்த நண்பர் கண்மூடுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று ‘லாஸ்ட் போயம்ஸ்’ தொகுப்பை முடித்து அனுப்பினார். புத்தகம் அக்டோபரில் வந்தது. ஜனவரியில் ஜாக்சன் போய்விட்டார்.

விற்காத புத்தகத்தின் கணக்கு

புலமையில் அவர் பிடித்துக்கொண்ட வேலையும் வினோதமானது. ஜோதிடத்தைச் செய்யுளாக்கிய மானிலியஸ் என்ற ரோமானியக் கவிஞரின் மூலபாடத்தை 1903 முதல் 1930 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். மானிலியஸைப் பெரிய கவிஞர் என்று அவரே நம்பவில்லை. முதல் தொகுதியை, லத்தீனில் ஒரு கவிதை எழுதி, ஜாக்சனுக்குக் காணிக்கையாக்கினார். உலகிலேயே வறண்ட புத்தகங்களில் ஒன்றின் வாசலில் அவர் தன் காதலை வைத்தது இப்படித்தான்.

கடைசித் தொகுதியில் கணக்கு ஒப்புவித்தார். எல்லாம் சொந்தச் செலவு, விற்றது அடக்கவிலைக்கும் கீழே, ஒவ்வொன்றும் 400 பிரதிகள், முதல் தொகுதி மட்டும் தீர்ந்தது, அதற்கும் 23 வருடம் பிடித்தது. அதுகூட, முன்னுரையில் மற்ற அறிஞர்களைத் திட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள் வாங்கியதால்தானாம். சலிப்பூட்டும் ஆசிரியரும் சகிக்க முடியாத பதிப்பாளரும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும் என்ற தொனியில் முடித்துக்கொண்டார். இளைஞர்களைச் சாகச் சொல்லி, ஹவுஸ்மன் பாணியிலேயே எழுத்தாளர் ஹியூ கிங்ஸ்மில் எழுதிய கேலிக் கவிதையையும், தான் பார்த்ததிலேயே சிறந்தது என்று பாராட்டினார்.

1929-ல் அரசு தரவந்த ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதை வேண்டாம் என்றார். இந்த மனிதருக்கு நல்ல சாப்பாட்டில் கொள்ளை ஆசை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானப் பயணம் பலருக்குத் திகிலாக இருந்த 1920-களிலேயே பாரீசுக்குப் பறந்து போய் வந்தார். டெரன்ஸின் நண்பன் பொய் சொல்லவில்லை.

1936 ஏப்ரல் கடைசி. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தார். மனம் லேசாகட்டும் என்று மருத்துவர் கொஞ்சம் பச்சையான ஒரு ஜோக் சொன்னார். ஹவுஸ்மனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நாளைக்கு மேலே போய்ப் பொன்தளத்தில் நின்று இதைச் சொல்கிறேன் என்றார். அந்த மாதம் 30-ம் தேதி உயிர் பிரிந்தது.

சொர்க்கத்தில் அவர் நம்பிக்கையை விட்டு அப்போது ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.