விரார் ஃபாஸ்ட்டில் ஏறாதீர்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். மும்பையில் வேலை கிடைத்துவிட்டது, போரிவலியில் ரூமும் பார்த்தாயிற்று என்கிறீர்கள். சந்தோஷம். சாயங்காலம் சர்ச்கேட் ஸ்டேஷனில் விரார் ஃபாஸ்ட் ஒன்று நிற்கும். அது போரிவலியில் நிற்கும் வண்டிதான், உங்கள் பாஸும் அதில் செல்லும். ஆனாலும் ஏறாதீர்கள். ஏறினால் வழியெல்லாம் முறைப்பு, போரிவலியில் இறங்க வழி கேட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

அநியாயமாகத் தெரிகிறதல்லவா? விரார்க்காரர்கள் பக்கக் கணக்கைப் பாருங்கள். போரிவலியோடு முடிகிற வண்டிகள் தனியாக ஓடுகின்றன. அதைத் தாண்டிப் போகும் வசாய், நாலாசோப்பாரா, விரார் ஆட்களுக்கு அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சர்ச்கேட்டிலிருந்து விரார் சுமார் 60 கிலோமீட்டர். இரண்டு வண்டியிலும் போகக்கூடியவர், ஒரே வண்டியை நம்பி இருப்பவரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்பதுதான் அவர்கள் கோபம். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

அந்த ஊர் லோக்கல் ரயில் மரியாதை எல்லாமே இப்படி ஒரு கணக்கிலிருந்து பிறந்ததுதான். பீக் அவர் கூட்டத்துக்கு ரயில்வேக்காரர்களே ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர். கேரம் போர்டை விடச் சற்றுப் பெரிய இடம், அவ்வளவுதான். வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்பதோ அரை நிமிஷம்கூட இருக்காது. ஒருவர் வாசலில் தயங்கினால் பின்னால் இருபது பேர் இறங்க முடியாமல் போய்விடும். நம் ஊரில் “நீங்க முதல்ல போங்க” என்று ஒதுங்கி நிற்பது பண்பு. அங்கே அப்படி நின்றால் வசவுதான் விழும்.

அதனால் இறங்குவதற்கு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அந்தேரியில் இறங்க வேண்டுமென்றால் முந்தின ஸ்டாப்பிலேயே நகரத் தொடங்க வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு “அந்தேரி?” என்று ஒரே வார்த்தை கேளுங்கள். அவர் தலையாட்டினால் அவருக்குப் பின்னாலேயே நில்லுங்கள், நீங்கள் வரிசையில் சேர்ந்தாயிற்று. இல்லை என்றால் அவரே உடம்பைத் திருப்பி உங்களை முன்னே விட்டு, உங்கள் இடத்துக்குப் போய்விடுவார். நூல் நுழையாத கூட்டத்தில் இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புதான். அந்தேரி வரும்போது வாசலில் அந்தேரிக்காரர்கள் மட்டும் நிற்பார்கள். கடைசி வரை போகிறவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய குற்றம்.

உட்காருவதற்கும் கேள்விதான் வழி. உட்கார்ந்திருப்பவரிடம் “எங்கே இறங்குவீங்க?” என்று நேராகவே கேட்கலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அவர் தாதர் என்றால் தாதரில் அந்த இடம் உங்களுடையது. மகளிர் பெட்டியில் இது இன்னும் கறாராக நடக்கும். ஏறியதுமே வரிசையாகக் கேட்டுக்கொண்டு போய் ஒரு சீட்டைச் சொல்லி வைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே நிற்கிறேன் என்று இன்னொருவர் உரிமை கொண்டாட முடியாது, முதலில் கேட்டவருக்குத்தான் சீட். 1992-இல் மேற்கு ரயில்வே பெண்களுக்கென்றே முழு வண்டி விட்டது. அதிலும் இதே வழக்கம்தான். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் பாதி உடம்போடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. கொஞ்சம் நகரச் சொன்னால் நகர்ந்துதான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் நான் ஒரேயடியாகப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். தினமும் ஒரே பெட்டியில் வரும் சில கோஷ்டிகள் கைக்குட்டை, செய்தித்தாள் போட்டு நண்பர்களுக்குச் சீட் பிடிப்பதும், தெரியாமல் உட்கார்ந்த புது ஆளை மிரட்டி எழுப்புவதும் வெறும் ரவுடித்தனம். ஜால்ரா தட்டிப் பஜனை பாடுகிற கோஷ்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், காலை ஏழரை மணிக்கு அது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

முதுகுப் பையை மட்டும் மறக்காதீர்கள். ஏறுவதற்கு முன்பே கழற்றி நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சீட்டில் இருப்பவரிடம் நீட்டினால் வாங்கி மேலே ரேக்கில் வைத்துவிடுவார். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடக்கும்போது, வாசலில் தொங்கியவர்கள் உரசித் தண்டவாளத்தில் விழுந்தார்கள். சிலரின் உயிர் போயிற்று. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பைகள் பற்றியும் அப்போது நிறையப் பேச்சு அடிபட்டது. புதிய சாதாரண வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவு வரும் என்று ரயில்வே அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

கதவு மூடுகிற ஏ.சி. லோக்கல் 2017 டிசம்பர் 25 முதலே ஓடுகிறது. அதில் வேறு தலைவலி. கடைசியாக ஏறியவரின் பை கதவில் மாட்டினால் வண்டியே நகராது. உள்ளே இருப்பவர்கள் அவரை இழுத்துப் போட்டுக்கொள்வதா, பிளாட்பாரத்துக்குத் தள்ளிவிடுவதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். காசு இருக்கிறது, ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் எடுத்துக்கொள்கிறேன் என்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். அங்கேயும் கூட்டம் இதேதான், சண்டை மட்டும் இங்கிலீஷில் நடக்கும்.