இருட்டறைக் கல்வி

1855 ஆம் ஆண்டில் இலண்டன் நகரப் புகைப்படக் கழகத்தார் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தனர். புகைப்படங்கள் ஏன் மங்கி மறைகின்றன என்பதைக் கண்டறிவதே அக்குழுவிற்கு இடப்பட்ட பணி. புகைப்படக்கலை உலகறிய அறிவிக்கப்பட்டு அப்பொழுது பதினாறு ஆண்டுகளே கழிந்திருந்தன. அதற்குள்ளாகவே, மக்கள் பணங்கொடுத்து எடுப்பித்த படங்கள் பல மஞ்சளித்து, முகங்கள் கரைந்து, வெறுந்தாளாக மாறிக்கொண்டிருந்தன. விக்டோரியா அரசியாரின் கணவரான அல்பேட் இளவரசரும் இவ்வாராய்ச்சிக்கென 50 பவுண் உதவினார். ஆராய்ந்து முடித்த குழுவினர் காரணங்கள் பல உண்டெனக் கூறினர். ஆயினும் அவற்றுள் முதன்மையானது படங்களைச் செவ்வையாகக் கழுவாமையே என்றனர். படத்தை நிலைப்படுத்த உதவும் ஹைப்போ என்னும் உப்புத் தாளிலே தங்கிவிடுமாயின், அதிலுள்ள கந்தகம் நாளடைவிற் படத்தின் வெள்ளியோடு சேர்ந்து அதனைக் கெடுத்துவிடுகின்றது. இன்னுஞ் சிறிது நேரம் தண்ணீரிற் கிடந்திருந்தால் அப்படங்கள் பிழைத்திருக்கும்.

தச்சன் செய்த நாற்காலியின் கால் ஆடினால் அன்றைக்கே தெரிந்துவிடும். தையற்காரன் அளவு தவறினால் சட்டையை அணியும்போதே வெளிப்படும். புகைப்படக்காரன் இருட்டறையிலே செய்த பிழையோ பத்திருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, பெரும்பாலும் அவன் கடையை மூடிச் சென்ற பின்னரே, சுவரிலே தொங்கும் படத்திற் புலனாகும். அப்பொழுது படத்திலிருந்த பாட்டியாரும் இருக்கமாட்டார்; மற்றொரு படம் எடுப்பதற்கும் வழியில்லை. வாங்குபவரால் சோதித்தறிய முடியாத ஒரு தொழிலை எவ்வாறு ஒழுங்காகக் கற்பிப்பது என்பதே அக்காலத்தவர் முன் நின்ற கேள்வி.

தொடக்கத்திலே இத்தொழிலை ஆசானின் கடையில் ஊழியஞ் செய்தே கற்க வேண்டியிருந்தது. 1851 ஆம் ஆண்டு முதல் வழங்கிய ஈரத்தகட்டு முறையிலே கண்ணாடித் தகட்டிற்குக் கலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே துலக்கியும் விடவேண்டும். வெளியூர் செல்பவன் கூடாரத்தையும் புட்டிகளையும் சுமந்தே செல்லவேண்டும். வெள்ளி உப்புப் பட்டுக் கறுத்த விரல்களே அவன் தொழிலுக்கு அடையாளம். கரைசல்களின் அளவை ஆசான் எளிதிற் சொல்லமாட்டான். அது அவனுடைய முதலல்லவா? சீடனும் அளவை அறியாமற் கைப்பழக்கத்தை மாத்திரம் கற்றான். ஆசானிடமிருந்த பிழையும் அவ்வாறே அவனுக்குக் கைமாறியது.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் தலைசிறந்தது வியன்னா நகரிலே நிகழ்ந்தது. 1888 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் தேதி, புகைப்படத்திற்கும் படிப்பெருக்கு முறைகளுக்குமான கல்வி, ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆங்கு அரசினராற் றொடங்கப்பட்டது. அதன் முதற் றலைவர் யோசெப் மரியா ஏடர் என்னும் இரசாயன அறிஞர். படமெடுத்துப் புகழ்பெற்ற கலைஞரை விடுத்து இரசாயனவியலாரைத் தலைமைக்கு அமர்த்தியதிலிருந்தே அந்நிலையத்தின் நோக்கம் விளங்கும். மாணவர் இரசாயனவியலும் ஒளியியலும் பயின்றனர். வரைதலும் படந்திருத்தலும் பயின்றனர். சந்தைக்கு வந்த தகடுகளையும் தாள்களையும் சோதித்துப் பார்ப்பதும் நிலையத்தின் கடமையாயிருந்தது. ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1896 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பரவியதும், ஏடரும் அவருடைய துணைவர் எடுவார்ட் வலென்ரா என்பவரும் சில வாரங்களுக்குள் ஊடுகதிர்ப் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அளந்து வேலை செய்யப் பழகிய இருட்டறையொன்று ஆயத்தமாயிருந்தமையாலேயே அது கைகூடியது.

எனினும் அவ்விருட்டறையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரின் மகளாகிய டோரா கால்முஸ் என்னும் பெண்மணி 1905 ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் விரிவுரைகளைக் கேட்க அனுமதி பெற்றார். அவ்வாறு அனுமதி பெற்ற முதற் பெண் அவரே. ஆனால் செய்முறைப் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. கரைசலின் இலக்கணத்தைக் கேட்கலாம், கரைசலிற் கைவைக்கலாகாது! அவர் பேர்லினுக்குச் சென்று ஒரு புகைப்படக் கலைஞரிடம் பயின்று, 1907 ஆம் ஆண்டிலே வியன்னாவிற் சொந்தக் கலைக்கூடம் நிறுவி, மடம் டோரா என்னும் பெயராற் பெரும் புகழ் பெற்றார். ஆயினும் அக்கூடத்தின் நுட்ப வேலைகளை அவருடைய துணைவரான ஆதர் பெண்டா என்பவரே கவனித்து வந்தார். 1908 ஆம் ஆண்டிலேதான் வியன்னா நிலையம் பெண்களை முழு மாணவராக ஏற்கத் தொடங்கியது. இவ்வகையிற் பேர்லின் நகரம் முந்திக்கொண்டது. ஆங்குள்ள லெற்றே சங்கம் 1890 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனப் புகைப்படக் கல்விக்கூடம் நிறுவி, இருட்டறையையும் அவர்கள் கையில் ஒப்படைத்திருந்தது. பின்னர் அங்கு பயின்ற பெண்கள் ஊடுகதிர்ப் படங்களைத் துலக்குந் தொழிலுக்கும் சென்றனர்.

இன்று மருத்துவமனைகளிலும் பத்திரிகை நிலையங்களிலும் படக்கடைகளிலும் இலக்கமுறைக் கமராவும் கணினியும் இருட்டறையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. வியன்னாக் கல்லூரி விரிவடைந்து இன்றும் நடைபெறுகின்றது. பிலிமும் தாளுங் கொண்டு கற்பிக்கும் கல்லூரிகள் உலகிற் குறைந்துவிட்டனவேனும் அற்றுப்போகவில்லை. அவ்விடங்களிற் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் அன்றைய பாடங்களே.

முதற்பாடம் கண்ணின் துணையின்றி வேலை செய்தல். அச்சிடுந் தாளைச் சிவப்பு விளக்கின் ஒளியிலே கையாளலாம். அத்தாள் செந்நிறத்தை உணராது. பழைய தகடுகளும் அத்தகையனவே. 1873 ஆம் ஆண்டில் பேர்லின் தொழினுட்பப் பேராசிரியர் எர்மன் வோகல் என்பவர், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். அதன் வழிவந்த இக்காலப் பிலிம் எல்லா நிறங்களையும் காண்கின்றது. ஆகவே சிவப்பு விளக்கும் அதற்குப் பகையாயிற்று. பிலிமைச் சுருளிலே கோத்துத் தொட்டிக்குள் இடும்வரை முழு இருளே வேண்டும். மாணவன் பழம்பிலிம் ஒன்றை முதலிற் பகலிலே கோத்துப் பழகுகிறான். பின்பு கண்ணை மூடிக்கொண்டு கோக்கிறான். அதன் பின்பே இருளுக்குட் செல்கிறான். விரல் சற்று அழுத்திப் பிலிம் மடிந்தாற் படத்திலே பிறைவடிவக் கறை தோன்றும். மேசையை உலர்பக்கம், ஈரப்பக்கம் என இரண்டாக வகுத்து, கத்தரிக்கோல் முதலாக எப்பொருளையும் அதற்குரிய இடத்திலேயே வைக்கவேண்டும். இருளிலே தேடிக் காண்பது இயலாதன்றோ?

அடுத்த பாடம் தராசு. ஒளிபட்ட வெள்ளி புரோமைட்டுப் பளிங்குகளிலே கண்ணுக்குப் புலனாகாத மறைவிம்பம் ஒன்று பதிந்திருக்கிறது. ஒவ்வொரு பளிங்கிலும் ஒருசில வெள்ளி அணுக்களே அதற்கு ஆதாரம். அதனைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுவது உருத்துலக்கி. கொடாக் கம்பனியார் 1927 ஆம் ஆண்டில் வெளியிட்ட டி-76 என்னும் துலக்கி நல்ல எடுத்துக்காட்டு. ஒரு லீற்றர் கரைசலுக்கு மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். மெற்றோல் நிழற்பகுதியின் நுண்மைகளை விரைவில் வெளிக்கொணரும். ஐதரோகுயினோன் மெல்லத் தொடங்கிக் கருமையை மிகுவிக்கும். சல்பைற்று அவ்விரண்டையும் காற்றுக் கெடுத்துவிடாது காக்கும். வெண்காரம் கரைசலைக் காரத்தன்மையாக்கி வேலையை நடத்தும். கலக்கும் வரிசையிலும் நுட்பமுண்டு. சல்பைற்று மிகுந்த நீரிலே மெற்றோல் எளிதிற் கரையாது. ஆதலின், சல்பைற்றில் ஒரு சிட்டிகை மாத்திரம் முதலிலிட்டு, மெற்றோலைக் கரைத்து, அதன்மேல் எஞ்சியவற்றைச் சேர்ப்பர். சிட்டிகை என்னும் சொல்லுக்குத் தராசு மேசையில் இடங்கிடைப்பது இவ்வொரு முறைதான்.

வெப்பமானியின் பாடம் நாட்டுக்கு நாடு வேறுபடும். கரைசலுக்குரிய வெப்பநிலை பொதுவாக 20 பாகை சதமம் எனக் கொள்ளப்படும். வெப்பம் ஏறினால் துலக்கம் விரையும், இறங்கினால் மந்தமாகும். வியன்னா நகரத்துக் குழாய்களில் 1873 ஆம் ஆண்டிலிருந்து மலைச்சுனை நீர் வருகின்றது. அக்குளிர்ந்த நீரைச் சூடேற்றிக்கொள்வதே ஆங்குள்ள மாணவர்க்குரிய வேலை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருட்டறை வைப்பவர்க்கு இடர் நேர்மாறானது. குழாய் நீரின் வெப்பமே 20 பாகையை நன்கு கடந்துவிடுகிறது. வெம்மையில் ஜெலற்றின் ஊதி மென்மையாகி, விரல் பட்டாற் பிலிமினின்று வழன்றுவிடவுங் கூடும். அதனாலேயே வெப்பநாடுகளிற் பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வைப்பதும், குரோம் படிகாரத்தால் ஜெலற்றினை இறுகச் செய்வதும் வழக்கமாயின.

அச்சிடும்போது மாணவன் சோதனைத்துண்டு ஒன்றை முதலில் இடுகிறான். தாளின் ஒரு கீற்றை அட்டையால் மறைத்து மறைத்து, 5, 10, 15, 20 விநாடிகள் என ஒளிபடவிட்டுத் துலக்கினால், எந்நேரம் ஏற்றது என்பது படிப்படியாகத் தெரிந்துவிடும். ஒளியின் அளவிற்கும் வெள்ளியின் கருமைக்குமுள்ள தொடர்பை ஏர்ட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர் 1890 ஆம் ஆண்டிலே வளைகோடாக வரைந்து வெளியிட்டனர். மாணவனின் சோதனைத்துண்டு அவ்வளைகோட்டின் எளிய உருவமே. முகத்தைச் சிறிது மறைத்து வெளுப்பாக்குவதும் வானத்திற்குக் கூடிய ஒளிகொடுத்துக் கருமையாக்குவதும் அதன்பின் வருங் கைத்திறன். மாணவர் பெரிதும் விரும்புவது இப்பகுதியையே. ஆசிரியரோ அவர்களை இதிலிருந்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவராகிறார்.

ஏனெனில் எஞ்சியிருப்பவை சலிப்பூட்டும் வேலைகள். ஹைப்போக் கரைசலில் இட்ட பிலிம் பால்நிறம் நீங்கித் தெளிவதற்கு எவ்வளவு நேரஞ் செல்கிறதோ, அதனினும் இருமடங்கு நேரம் அதிற் கிடக்கவேண்டும். பல படங்களைக் கண்டு களைத்த கரைசல் படத்தை நிலைப்படுத்தியது போலத் தோற்றங்காட்டி ஏமாற்றும். ஆகவே முதலிற் பழைய கரைசலிலும் பின்னர்ப் புதியதிலும் இடுவர். அதன்மேற் கழுவுதல். நார்த்தாளிலே அச்சிட்ட படத்திற்கு ஓடுந் தண்ணீரில் ஒருமணி நேரமளவு வேண்டும். தாளோடு தாள் ஒட்டிக்கிடந்தால் அந்த ஒருமணி நேரமும் வீணே.

கழுவியது போதுமா என்பதைக் கண் அறியாது, இரசாயனம் அறியும். காரங் கலந்த பொற்றாசியம் பரமங்கனேற்றின் ஊதாநிறக் கரைசல் சிறிது எடுத்து, தண்ணீரினின்று தூக்கிய படத்திலிருந்து வடியுந் துளிகளை அதனுள் விழவிடுவர். ஊதா வெளிறிச் செம்மஞ்சளானால் ஹைப்போ இன்னும் எஞ்சியிருக்கிறது. படம் மீண்டுந் தொட்டிக்குச் செல்லவேண்டும். நிறம் மாறாது நின்றாற் படத்தை உலர்த்தலாம்.