வானத்தைப் பிடித்தால் ஆள் கிடைப்பார்

போட்டோஷொப்பில் தெரிவு என்பது, படத்தின் எந்தப் பகுதியில் கை வைக்கலாம் என்று கணினிக்கு எல்லை போட்டுக் கொடுப்பது. எல்லைக்கு வெளியே எதுவும் மாறாது.

ஓர் உதாரணம்: குருக்கள்மடம் என்ற ஊருக்கு மேற்கே வாவி. அந்திச் சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். தோணியில் நிற்பவரை அந்த வெளிச்சத்துக்கு எதிரே படமெடுத்தால் ஆள் கறுத்துப்போவார். ஆளைச் சுற்றி லாசோ கருவியால் கோடு இழுப்பதைவிட, மஜிக் வோன்ட் கருவியால் வானத்தைத் தெரிவு செய்து, வானம் தவிர்ந்த பகுதி பிடிபடும்படி அந்தத் தெரிவைத் தலைகீழாக்குவது சுலபம். மஜிக் வோன்ட், சொடுக்கிய புள்ளியின் நிறத்தை ஒத்த பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துப் பிடிக்கும். எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதே ரொலரன்ஸ்: 0 முதல் 255 வரை, வழக்கமாக 32. செம்மஞ்சள் வானம் படிப்படியாக நிறம் மாறுவதால் 32 போதாது. அதிகம் கூட்டினாலோ தண்ணீரில் விழுந்த வானமும் சேர்ந்து வந்துவிடும்.

தோணியில் நிற்பவர் வீசும் வீச்சு வலைதான் உண்மையான சோதனை. அதன் கண்களை எந்தக் கையாலும் வரைய முடியாது. படத்தின் நிறப் பிரிவுகளான சனல்களில் சிவப்பை மட்டும் திறந்தால் வானம் வெளிறி, வலை கறுப்பாகத் தெரியும். அந்த வேறுபாட்டையே தெரிவாக மாற்றலாம்.

நினைவஞ்சலிப் பிரசுரத்துக்குப் பழைய கல்யாணப் படத்திலிருந்து ஒரு முகத்தை எடுக்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். தோளுக்குப் பென் கருவி பொருந்தும். தலைமுடிக்கு அது கூடாது, கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். அங்கே மாஸ்க் என்னும் மறைப்பைப் போட்டு, மெல்லிய தூரிகையால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும்.