பற்றரியா, போனா: எதை மாற்றுவது?

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முன்கண்ணாடியில் புது மொடல்கள் மின்னும். உள்ளே ஒரு மேசையில் லென்ஸும் சோல்டரிங் அயனுமாகத் திருத்துபவர் குனிந்திருப்பார். ஹந்தானையிலிருந்தோ கலஹாவிலிருந்தோ பஸ் ஏறி வந்து அந்த மேசையில் பழைய போனை வைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இதையே செய்து பாவிக்கலாமா, புதிது எடுக்க வேண்டுமா?

2022இற்குப் பிறகு இந்தக் கேள்வி கனத்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. போன்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. விலையும் கூடவே ஏறியது. நாட்கூலியில் வாழும் தோட்டக் குடும்பத்துக்குப் புதுப் போன் என்பது பல மாதச் சேமிப்பு. ஆகவே விவரம் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. போன் இரண்டு விதமாக மூப்படைகிறது. ஒன்று பற்றரியின் இரசாயனத்தில் நிகழ்வது, மற்றது மென்பொருளில். முதலாவதைப் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதைச் சாதாரணக் கடையில் சரிசெய்ய முடியாது.

லிதியம் அயன் பற்றரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. பற்றரிக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் உண்டு. ஒன்றில் கோபால்ட் கலந்த லிதியச் சேர்வை பூசப்பட்டிருக்கும். மற்றதில் காரீயம், பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் கோபால்ட் பக்கத்திலிருந்து கிளம்பிக் காரீயத்தின் அடுக்குகளுக்கிடையே போய்த் தங்கும். போனைப் பாவிக்கும்போது திரும்பி வரும். அதற்கு ஈடாக வெளிச்சுற்றில் இலத்திரன்கள் ஓடுவதே நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

காரீயம் கண்டிக்காரருக்கு அந்நியமான பொருள் அல்ல. கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கொழும்புப் பக்கம் இறங்கினால் கேகாலை மாவட்டம்; போகலை சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ சுரங்கம். பாறைப் பிளவுகளில் நாளம் நாளமாகப் படிந்திருக்கும் இந்தக் காரீயம் மிகத் தூய்மையானது. இவ்வகையை வணிக அளவில் தோண்டும் நாடு உலகில் இலங்கை ஒன்றே. ஆனால் நம் போன்களுக்குள் இருப்பது பெரும்பாலும் சீனாவில் பக்குவப்படுத்திய காரீயம். காலடியில் கிடைப்பதை மூலப்பொருளாக ஏற்றுமதி செய்துவிட்டு, காரீயம் அடங்கிய பற்றரியை டொலர் கொடுத்து வாங்குகிறோம் என்பது மனதை உறுத்துகிறது. ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், இலங்கைக் காரீயத்தை லிதியம் பற்றரிக்கு ஏற்றதாக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை ஆய்வுகூடத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

பற்றரி களைப்பதும் இந்தக் காரீயத்தில்தான் தொடங்குகிறது. முதல் தடவை சார்ஜ் ஏறும்போதே அதன் மேல் ஒரு நுண்ணிய படலம் உருவாகும். அது பாதுகாப்புக்கு வேண்டியதே. ஆனால் வருடக்கணக்கில் அது தடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லிதியத்தை விழுங்கும். வழக்கமான பற்றரி சுமார் 500 முழுச் சுற்றுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். பாதிப் பாதியாக இரண்டு தடவை ஏற்றினாலும் ஒரு சுற்றுதான். கொள்ளளவு குறைய, உள்தடையும் கூடும். துருப்பிடித்த குழாயில் பைப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் சீராக வரும், முழுதாகத் திறந்தால் அழுத்தம் விழுந்துவிடும் அல்லவா? அதுபோல, கமராவைத் திறந்த கணத்தில் பற்றரியின் மின்னழுத்தம் சரியும். திரை 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். 2017 டிசம்பரில், பற்றரி மூத்த ஐபோன்கள் இப்படி அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு எழவே, 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கியது. புதுப் பற்றரி போட்டதும் பழைய வேகம் திரும்பியது. போன் மெதுவாகிவிட்டது என்று சொல்லி வீசிவிடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் பற்றரிக்குப் பகை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருக்கும் கண்டி அந்த வகையில் கொழும்பைவிட, யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடம். ஆனால் குளிர் தருகிற அதே மலை வேறு வழியில் பறித்துக்கொள்கிறது. சிக்னல் கோபுரம் மறைந்துபோகும் பள்ளத்தாக்குகளில் போன் தன் அலைபரப்பு வலுவைக் கூட்டும். சிக்னலைத் தேடிக்கொண்டே இருக்கும். நகரத்தில் இரவுவரை தாங்கும் போன், தெல்தோட்டைப் பக்கம் ஒரு லயன் வீட்டில் மாலைக்குள் படுத்துவிடுவதற்கு இது ஒரு காரணம். நகரத்தில் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் பிழை பற்றரியிலா, மலையிலா என்பது ஓரளவு விளங்கும். சிக்னல்தான் பிரச்சினை என்றால் புதுப் போனும் பெரிதாக உதவாது. உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் கோபுரம் நன்றாக எடுக்கிறதோ, அந்தச் சிம்முக்கு மாறுவதே மலிவு.

மென்பொருள் மூப்பு கண்ணுக்குத் தெரியாதது. பற்றரி நன்றாக இருக்கும், திரையும் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை நிறுத்தியிருப்பார். 2025 ஜனவரி 1 முதல் அண்ட்ரோயிட் 4.4, அதற்கு முந்திய பதிப்புகள் ஆகியவற்றுக்கான ஆதரவை வட்ஸ்அப் நிறுத்தியது. மத்திய கிழக்கில் வேலைசெய்யும் தாயின் முகத்தை ஒவ்வொரு இரவும் அந்தச் சிறு திரையில் பார்க்கிற பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல. வங்கிச் செயலிகளும் பழைய பதிப்புகளை ஏற்பதில்லை. இந்தக் கட்டம் வந்தால் போனை மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது கமராவின் மெகாபிக்சலைவிட, இன்னும் எத்தனை வருடத்துக்கு அப்டேட் கிடைக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பாவித்த போன் வாங்குகிறவர்கள் *#06# என்று அழுத்தினால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்ஈஐ எண் திரையில் வரும். ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று அறியலாம். ஐஎம்ஈஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

பழையதைக் கைமாற்றுமுன் படங்களையும் வட்ஸ்அப் உரையாடல்களையும் பெக்அப் எடுங்கள். பெயர்களைச் சிம்மில் மட்டும் நம்பி வைக்க வேண்டாம்; பல சிம்களில் 250 பெயர்களுக்கு மேல் கொள்ளாது. பிறகு கூகுள் கணக்கை நீக்கி, மெமரி காட்டைக் கழற்றி, பக்டரி ரீசெட் கொடுங்கள். கணக்கை நீக்காவிட்டால் வாங்குகிறவரின் கையில் போன் பூட்டிக்கொள்ளக்கூடும். அண்மைக்காலப் போன்களில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன; ரீசெட் செய்தால் அவற்றைத் திறக்கும் சாவி அழிந்துவிடும். பிறகு யாரும் படங்களை மீட்டெடுப்பது ஏறக்குறைய இயலாது.

கழற்றிய பற்றரியையும் உயிர்போன போனையும் வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. வீங்கிய பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும். கண்டி நகரின் குப்பை சேரும் கோஹாகொட மேடு மகாவலிக் கரையில் இருக்கிறது. அதிலிருந்து ஊறும் கழிவுநீர் ஆற்றைத்தான் சேரும். இத்தனைக்கும் ஒரு தொன் பழைய போன்களில், ஒரு தொன் தங்கக் கனிமத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு தங்கம் உண்டு. 2022இல் உலகில் சேர்ந்த 620 இலட்சம் தொன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பற்றரி மாற்றுகிற கடையிலேயே, பழையதை அவர்களிடம் சேர்க்கிறீர்களா என்று கேட்டு, சேர்ப்பார்கள் என்றால் அங்கேயே விட்டுவாருங்கள்.